முதல் கவளம்

வெந்நீர் கொதித்தால்தான் கல்லுப்பாலத்தில் பொழுது விடியும். மடி கழுவாமல் கறக்கக் கூடாது. வெந்நீர் இல்லாமல் மடி கழுவக் கூடாது. ஆகவே நாலரை மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். அந்த மலையில் தேயிலை இருந்த காலத்தில் விடிந்த பிறகு பெரட்டுக் களத்துக்கு வந்து பெயர் கொடுத்தால் போதும். தேயிலையைப் பிடுங்கிப் புல் நட்டு, பழைய தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பெரிய மாட்டுப் பட்டி கட்டியது கம்பெனி. லயம் என்ற வரிசை வீடுகளிலிருந்து கொழுந்துக் கூடை சுமந்து போன முதுகுகளில் புல்லுக்கட்டு ஏறியது. மாடு ஆளைவிடச் சீக்கிரம் எழும்புகிறது. ஆளும் எழும்ப வேண்டியதாயிற்று.

கிஷாந்த் இரண்டு வாளி வெந்நீரோடு பட்டிக்குள் நுழைந்தான். பனி உள்ளேயும் இருந்தது. நூற்றுப் பத்து மாடுகளின் மூச்சு அதோடு கலந்து, மூன்றாவது தூணுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காதை வைத்துத்தான் வேலை. கறவை இயந்திரத்தின் இழுப்பு. சிமெந்தில் மண்வெட்டி சாணத்தை வழிக்கிற கரகரப்பு. யாரோ ஒரு மாட்டைச் செல்லமாகத் திட்டுகிற குரல்.

அவனுடைய உண்மையான வேலை பதிவேடு எழுதுவது. மிருக வளர்ப்பில் டிப்ளோமா படித்தவன். ஆனால் ஆள் குறைந்துபோனதில் ஆறு மாதமாகக் காலையில் அவனும் மடி கழுவினான். குறைந்தவர்களில் ஒருத்தி அவன் மனைவி லக்சனா.

மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். சாணத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் வரும் என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். கம்பெனி ஒரு மலர்வளையம் அனுப்பியது. அடுத்த மாதம் பூட்ஸ் வந்தது. பன்னிரண்டு பேருக்கு ஏழு சோடி. கிஷாந்த் அழவில்லை. வேலைக்கு வந்தான். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். கொடுத்ததைச் சாப்பிட்டான்.

"தம்பி, இங்கிட்டு வா. வெளக்கக் காட்டு."

கடைசித் தடுப்பில் அம்மாக்கண்ணு குந்தியிருந்தாள். இருபத்தெட்டு வருசம் கொழுந்து பறித்தவள். இப்போது பட்டியில் மூத்த கறவைக்காரி. அவள் முன்னால் ஈர வைக்கோலில் ஒரு கன்று கிடந்தது. மயிர் முளைக்காத கன்று. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. தாய் மாடு திரும்பி அதை நக்கப் பார்த்தது. கழுத்துச் சங்கிலி விடவில்லை.

"இந்த மாசத்துல இது நாலாவது" என்றாள் அம்மாக்கண்ணு. வெறுங்கையால் கன்றை எடுத்துச் சாக்கில் சுற்றினாள். "எழுதிக்க."

எழுதினான். மாட்டின் காது நம்பர், திகதி, 'கன்று வீசியது'. பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்தினான். அடுத்த மடிக்குப் போனான்.

*

ஏழு மணிக்கு மேனேஜர் கணேசமூர்த்தியின் ஜீப் வந்தது. எல்லாரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பாராமலே பேசினார்.

"நல்ல செய்தியும் இருக்கு, கஷ்டமான செய்தியும் இருக்கு. நம்ம நெய்யும் சீஸும் மாலைதீவுக்குப் போகப் போகுது. அனுப்பணும்னா சுகாதாரச் சான்றிதழ் வேணும். பண்ணையிலயும் சுத்துவட்டாரத்துலயும் கன்னு வீசுற நோய் இருக்கக் கூடாது. அது அவங்க நாட்டுச் சட்டம், நம்ம நாட்டுச் சட்டமுந்தான். லயத்து மாட்டுக்கெல்லாம் போன வாரம் ரத்தம் எடுத்தோமே, ஆறு மாட்டுக்கு நோய் இருக்கு. அதனால லயத்துல உள்ள இருவத்தொரு மாடும் வியாழக்கிழமை வெளிய போகணும். லயத்துக்குப் பின்னால இருக்குற மாட்டுக் குடிலெல்லாம் ஒடைக்கணும். அன்னைக்கி அரசாங்க மாட்டு டொக்டர் பார்க்க வர்றாங்க."

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சின்னராசா தொண்டையைச் செருமினார்.

"ஐயா, மாட்ட எங்க கொண்டு போறது?"

"அது ஒங்க வேல. லொறி நான் தாறேன்."

"லொறி எங்க போகும்?" இது ஜீவராணி. பால் வடிகட்டும் பகுதியில் வேலை. முப்பது வயது இருக்கும். அவள் கேள்வி கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் விலகி நிற்பார்கள். "நோய் மாடுன்னு பேரு வச்சிட்டா எவன் வாங்குவான்? எறைச்சிக் கடைக்குத்தானே?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலீங்க. லொறி சொல்லும்."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியது. கணேசமூர்த்தியின் கழுத்து சிவந்தது.

"இங்க பாருங்க. எங்கப்பாவும் இதே மலையில கவ்வாத்து வெட்டினவருதான். ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா நோய் ஒங்க மாட்டுலருந்துதான் பண்ணைக்கு வந்துருக்கு. பண்ணை மூடிட்டா ஒங்க வேலயும் போகும். மாடு வேணுமா, வேல வேணுமா?"

"நோய் எங்க மாட்டுலருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் ஜீவராணி. "ரெண்டு தலமொறையா இந்த லயத்துல மாடு நிக்குது. ஒரு கன்னு வீசுனதில்ல. மார்கழியில வெளிநாட்டுலருந்து இருவது கெடேரி கொண்டாந்தீங்க. அதுக்கு ரத்தம் எடுத்தீங்களா?"

"அது சான்றிதழோட வந்த மாடு. முப்பது நாள் மேட்டுக் கொட்டகையில தனியா வச்சிப் பாத்து, அப்புறந்தான் பட்டிக்கு எடுத்தோம். அதுதான் சட்டம்."

"முப்பது நாளா? பொங்கலுக்கே பட்டிக்குள்ள நின்னுச்சே! நாங்கதானே ஓட்டியாந்தோம்."

"ஒன் ஞாபகத்தையா டொக்டர் எழுதிக்கப் போறாங்க?" கணேசமூர்த்தி முதல் தடவையாகச் சிரித்தார். "ரெஜிஸ்டர்ல இருக்கு. ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கு. கிஷாந்தக் கேளு. அவன் கையெழுத்துத்தான்."

எல்லாத் தலையும் திரும்பியது.

கிஷாந்த் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு சோடியில் ஒன்று. அதன் நுனியில் சாணம் காய்ந்து வெடித்திருந்தது. அம்மாக்கண்ணு அவன் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. அவன் நிமிரவில்லை.

"பேனா புடிக்கத் தெரியுது. வாயத் தொறக்கத் தெரியல" என்றாள் ஜீவராணி.

*

கம்பெனி ஆபீசில் மேசைமேல் இரண்டு தாள் இருந்தது. ஒன்று பழையது: மாடுகள் இறக்குமதி செய்ய அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரத்தின் பிரதி. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. தோட்டத்தில் அதை வாசித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர். மற்றவன் கிஷாந்த். ஏழாவது நிபந்தனை அவனுக்கு மனப்பாடம். வந்த மாடுகளை முப்பது நாள் தனியாக வைக்க வேண்டும். வேறு எந்த மாடும் அவற்றின் பக்கத்தில் வரக் கூடாது. தீனித் தொட்டியும் தண்ணீரும் பராமரிக்கிற ஆளும் வேறாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் நோய்க்குறி கண்டால் உடனே அறிவிக்க வேண்டும்.

பத்தாம் நாள் கம்பெனித் தலைவர் விருந்தாளிகளோடு பட்டியைத் திறந்துவைக்க வருவதாகச் சொன்னார்கள். பட்டி பாதி காலியாக இருந்தது. படம் எடுத்தால் நன்றாக இருக்காது. இருபது கிடேரிகளும் அன்று விடியற்காலையில் கீழே வந்தன. மிச்சமிருந்த இருபது நாளுக்கும் 'மேட்டுக் கொட்டகையில் தனியாக உள்ளன, நலம்' என்று எழுதச் சொன்னார் கணேசமூர்த்தி. கிஷாந்த் எழுதினான்.

அன்றைக்கு லக்சனா பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாடு ஒரு எடத்துல நிக்குது, எழுத்து ஒரு எடத்துல நிக்குதா?"

"வேல வேணுமே" என்றான் அவன்.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ஒக்காரு" என்றார் கணேசமூர்த்தி. இரண்டாவது தாளைத் தள்ளினார். "டொக்டருக்குக் குடுக்குற உறுதிமொழி. முப்பது நாளும் தனியா இருந்துச்சு, நாந்தான் பாத்தேன்னு நீ ஒரு கையெழுத்துப் போடு."

கிஷாந்த் வாசித்தான்.

"ஒனக்கும் ஒரு மாடு இருக்குல்ல? செவலை. ஏழு மாசச் சினைன்னாங்க."

"லக்சனாவோட மாடு."

"அதத்தான் சொல்றேன். புதன்கிழமைக்குள்ள பட்டிக்குக் கொண்டாந்து கட்டு. காதுல ஒரு நம்பரப் போட்டுடுவோம். நூத்துப் பத்து மாட்டுல நூத்துப் பதினொண்ணு. எவனுக்குத் தெரியும்? அடுத்த மாசம் ஒன்ன சூப்பர்வைசராப் போடலாம்னு இருக்கேன். படிச்ச பையன் எத்தன நாளைக்கி மடி கழுவுவ?"

கிஷாந்த் பேனாவைத் திறந்தான். தாளில் தன் பெயருக்கு மேலே புள்ளிக்கோடு இருந்தது. வழக்கமாக அங்கே கை தானாகப் போகும்.

"நாளைக்கிக் கொண்டாந்து தாறேன்" என்றான்.

கணேசமூர்த்தி அவனை உற்றுப் பார்த்தார். "நாளைக்கின்னா நாளைக்கி. நாளன்னைக்கி டொக்டர் வந்துருவாங்க."

*

லயத்தின் பின்பக்கம் செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவனைக் கண்டு எழும்பியது. லக்சனா சீதனமாகக் கொண்டுவந்த கன்றுக்குட்டி அது. அவள் ஊர் வலப்பனைப் பக்கம். பஸ்ஸில் ஏற்ற முடியாமல் பால் லொறியில் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆறு நோய் மாடுகளில் செவலை இல்லை. ஆனால் இருபத்தொன்றில் இருந்தது.

அதன் வலது விலாவில் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே ஏதோ இடித்தது. குளம்பாக இருக்கலாம்.

காம்பராவுக்குள் போய் தகரப் பெட்டியைத் திறந்தான். சேலைகளுக்கு அடியில் அவள் போன் இருந்தது. மாசிக்குப் பிறகு அதில் சார்ஜ் ஏற்றவில்லை. ஏற்றினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தான். வெளிச்சம் வந்தது.

மாட்டுப் பொங்கலன்று எடுத்த வீடியோ. ஐம்பது வினாடி. சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுப் பார்த்தான். இன்னொரு தடவையும் பார்த்தான். எல்லாம் இருந்தது. பட்டி. புது மாடுகளின் நெற்றியில் குங்குமம். மஞ்சள் காது நம்பர்கள். கீழே மூலையில் திகதி.

மூன்றாம் தடவை பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

*

புதன்கிழமை பின்னேரம், மாலைக் கறவை முடிந்து வெயில் மலைக்கு அந்தப் பக்கம் சாய்கிற நேரம், மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். எழுபது எண்பது பேர். சின்னராசா பேசிக்கொண்டிருந்தார்.

"மேலிடத்துக்குத் தகவல் குடுத்துருக்கேன். ரெண்டு கெழம டைம் கேப்போம்..."

"ரெண்டு கெழம கழிச்சு லொறி வந்தா மாடு பறந்துருமா தலைவரே?" என்றாள் ஜீவராணி.

கிஷாந்த் கூட்டத்தின் ஓரத்திலிருந்து முன்னால் வந்தான். யாரும் வழிவிடவில்லை. ஒதுக்கிக்கொண்டுதான் வந்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"வாங்க கிளாக்கரய்யா" என்று ஒரு குரல். "மாடு மேட்டுல நிக்குதுன்னு சொல்லப் போறீங்களா?"

"பத்து நாள்தான் மேட்டுல நின்னுச்சு" என்றான். "மிச்சம் இருவது நாளும் நான் பொய் எழுதுனேன். தெரிஞ்சுதான் எழுதுனேன். சட்டத்துல முப்பது நாள்னு இருக்கு. ஒங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்."

ஒரே இரைச்சல். அவன் முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டது. "எங்க மாட்டக் கொல்லக்குடுத்துட்டு இப்ப வந்து சொல்றியா?" என்றான் ஒருவன். "படிக்க வச்ச தோட்டத்துக்கு நல்லாத்தான் செஞ்ச" என்றாள் ஒருத்தி. ஜீவராணி மட்டும் கத்தவில்லை.

"அத ரெஜிஸ்டர்லயும் எழுதுவியா?" என்று கேட்டாள்.

"டொக்டர் முன்னால சொல்றேன். எழுதியும் குடுக்குறேன்."

"ஒன் வேல போகும்."

"போகும்."

"நீ சொல்ற, மேனேஜர் மறுப்பாரு. ஒரு பொய்யன் இன்னொரு பொய் சொல்றான்னு முடிச்சிருவாரு. சாட்சி என்னா?"

போனை எடுத்தான். "இதுல இருக்கு. ஆனா இதுல நம்ம தப்பும் இருக்கு. பாத்துட்டு முடிவு சொல்லுங்க. வேணாம்னா நான் வேற வழியில சொல்றேன்."

அம்மாக்கண்ணு, ஜீவராணி, சின்னராசா மூவரும் குனிந்தார்கள். மற்றவர்கள் தோளுக்கு மேலே தோளாக நெருக்கினார்கள். படம் ஓடியது.

"சத்தம் வரல" என்றாள் அம்மாக்கண்ணு.

கிஷாந்தின் பெருவிரல் பொத்தானில் நின்றது.

"தம்பி. சத்தத்த வையி."

வைத்தான்.

லக்சனாவின் குரல் கோயில் முன்றிலில் எழும்பியது. சிரித்துக்கொண்டே பேசினாள். 'மாட்டுப் பொங்கல் நம்ம பட்டியில! எல்லாரும் பாருங்க. அம்மாக்கண்ணு அக்கா தாம்பாளத்தோட வர்றாங்க. ஊர்விட்டு ஊரு வந்த புள்ளைங்களுக்குத்தான் மொதக் கவளம். இது மூக்குத்தி. நம்பர் எழுவத்தாறு. மூக்குல வெள்ளப் பொட்டு இருக்கே, அதனால நாங்க வச்ச பேரு. பாவம், குளிருல சளி புடிச்சிருக்கு. மூக்கு ஒழுகுது பாருங்க. சாப்புடு தாயி... ஐயோ, தட்டையே நக்குது! போதும் போதும், மிச்சம் நம்ம வீட்டு மாட்டுக்கு. செவலை, நீ வா. அக்கா, அதே தட்டக் குடுங்க.'

முடிந்தது.

அந்த லயங்களில் அது வழக்கம். மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி ஒரே இடத்தில் நிறுத்துவார்கள். அந்த வருசத்தில் புதிதாக வந்த மாட்டுக்கு முதல் கவளம். அது மிச்சம் வைத்ததைப் பழைய மாடுகளுக்கு ஊட்டுவார்கள். வந்ததும் இருந்ததும் ஒரு தட்டில் தின்றால் முட்டிக்கொள்ளாது என்பது நம்பிக்கை. இந்த வருசம் இருபது புது மாடு பட்டியில் நின்றதால், லயத்து மாடுகள் எல்லாவற்றையும் பட்டிக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். மேனேஜர் தடுக்கவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு வந்து படத்துக்கும் நின்றார்.

அம்மாக்கண்ணு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எச்சிலால பரவுமா தம்பி?"

"பரவும்."

"அப்ப என் கையாலதான்." குரல் இறங்கியது. "இருவத்தொரு மாட்டுக்கும் நாந்தானே ஊட்டுனேன்."

சின்னராசா நிமிர்ந்தார். "இதக் காட்டக் கூடாது. நம்ம மாடு அங்க போனதுக்கு நாமளே சாட்சி குடுத்த மாதிரி ஆயிரும். லயத்து மாடுதான் நோயக் குடுத்துச்சுன்னு இதையே திருப்பிருவாரு."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். கிஷாந்த் போனைப் பைக்குள் வைக்கப் போனான். அம்மாக்கண்ணு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி கொழுந்துக்காரியின் பிடி.

"தலைவரே, நான் ஊட்டுனது தப்பு. சட்டம் தெரியாமச் செஞ்ச தப்பு. தெரிஞ்சவரு வேட்டி கட்டிக்கிட்டுப் பக்கத்துல நின்னாரு. 'தொடாத, இன்னும் நாளாகல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தட்டக் கீழ வச்சிருப்பேன். என் தப்ப நான் சொல்றேன். அவரு தப்ப அவரு சொல்லட்டும். பொய்க்கி நாமளும் பங்காளியா ஆகணுமா?"

கோயில் மணிக்கயிறு காற்றில் ஆடியது.

"சரி. ஸ்ட்ரைக்கு" என்றான் ஒருவன். "நாளைக்கி ஒருத்தனும் பட்டிக்குப் போகக் கூடாது."

"கறக்காம விட்டா மடி கட்டிரும்" என்றாள் அம்மாக்கண்ணு. "மாடு என்னா பாவம் செஞ்சிச்சு?"

"அப்ப என்னா செய்யச் சொல்றீங்க?"

ஜீவராணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கறப்போம். ஏத்த மாட்டோம்."

*

வியாழக்கிழமை நாலரைக்கு அடுப்பு எரிந்தது. மடி கழுவினார்கள். கறந்தார்கள். பால் குளிரூட்டும் தொட்டியில் நிறைந்தது. ஆறு மணிக்குப் பால் லொறி வந்தபோது குழாயை மாட்ட ஆள் இல்லை. வடிகட்டும் பகுதிக்காரர்கள், புல் வெட்டுகிறவர்கள், கறவைக்காரிகள் எல்லாரும் பட்டிக்கு வெளியே, லயத்துக்குப் போகிற ஒற்றைப் பாதையில் நெருக்கமாக நின்றார்கள். பாதையின் வாயில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் புல்லுக்கட்டும் சாக்கும் அடுக்கி, நடுவில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிய ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். யார் வந்தாலும் அதில் காலை நனைத்துக்கொண்டுதான் லயத்துக்குள் போக வேண்டும்.

எட்டு மணிக்கு மாடு ஏற்றுகிற லொறி வந்தது. பின்னால் ஜீப். கணேசமூர்த்தி இறங்கினார்.

"என்னா இது?"

"தனிமைப்படுத்தல் ஐயா" என்றாள் ஜீவராணி. "முப்பது நாள். அதுதானே சட்டம்?"

"பால் தொட்டியில நிக்குது. கெட்டுப் போகும்!"

"பால் கெடட்டும். மடி கெடக் கூடாதுன்னுதான் கறந்து வச்சிருக்கோம்."

"ஒவ்வொருத்தருக்கும் வேல போகும். சொல்லிட்டேன்."

"அப்ப நாளைக்கி நீங்கதான் கறக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல். "மூக்குத்தி ஒதைக்கும். பாத்து ஒக்காருங்க."

சிரிப்பு வரிசை முழுவதும் ஓடியது. கணேசமூர்த்தி லொறிக்காரனைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார். மாடுகளை ஏற்றச் சொன்னார். லொறிக்காரன் நடுவயதுச் சிங்களவர். இறங்கி வந்து பள்ளத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். ஜீவராணியைத் தங்கச்சி என்று சிங்களத்தில் அழைத்து, உடைந்த தமிழில் சொன்னார்: "எனக்கு வீட்டுல ரெண்டு மாடு இருக்கு, நங்கி." திரும்பிப் போய் இஞ்சினை நிறுத்தினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

கணேசமூர்த்தி கிஷாந்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"நீ அந்தத் தாளக் கொண்டா."

கிஷாந்த் கொண்டுவந்தான். புள்ளிக்கோட்டின் மேல் கையெழுத்து இல்லை. தாளின் பின்பக்கம் முழுவதும் எழுதியிருந்தது. கணேசமூர்த்தி இரண்டு வரி வாசித்தார்.

"செவலைய மறந்துட்டியா?"

"இல்லீங்க. இருவத்தொண்ணுல ஒண்ணாவே நிக்கட்டும்."

பத்து மணிக்கு அரசாங்க மிருக வைத்தியர் ஊர்மிளா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரி, நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருசம். கணேசமூர்த்தி ஓடிப்போய் அவர் வந்த ஜீப்பின் கதவைத் திறந்தார். ஊர்மிளா பதில் வணக்கம் சொல்லிவிட்டு நேரே சுண்ணாம்புப் பள்ளத்துக்கு வந்து நின்றார்.

"ஆர் இதை வெட்டினது?"

"நாங்கதான் டொக்டர்" என்றாள் அம்மாக்கண்ணு.

"சரியாத்தான் வெட்டியிருக்கிறியள்." காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கிஷாந்த் தாளைக் கொடுத்தான். போனைக் கொடுத்தான். இந்தத் தடவை சத்தத்தை அவனே கூட்டிவைத்தான். லக்சனாவின் குரல் பட்டிச் சுவரில் மோதித் திரும்பியது. கணேசமூர்த்தி இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊர்மிளா கையை உயர்த்தினார். இரண்டாம் முறையும் போடச் சொன்னார். மூக்குத்தியின் முகம் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இந்த மாட்டுக்கு அப்பவே மூக்கு ஒழுகியிருக்கு. இப்பவும் ஒழுகுதோ?"

"இன்னும் நிக்கல" என்றாள் அம்மாக்கண்ணு. "ஒடம்பும் தேறல. அந்தத் தட்ட ஊட்டினது நாந்தான் டொக்டர். மறைக்கல."

"பதிவேட்டில முப்பது நாள் எண்டு இருக்கு. உங்கட கையெழுத்தோ இது?" கிஷாந்திடம் கேட்டார்.

"என் கையெழுத்துத்தான். பொய்."

"உங்களுக்கும் வழக்கு வரும். விளங்குதோ?"

"விளங்குது."

அவர் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். "நோய் எங்க இருந்து வந்தது எண்டு நான் இப்ப சொல்லேலாது. ஒரு வீடியோ சொல்லாது, இரத்தம்தான் சொல்லும். வந்த இருபதுக்கும் இண்டைக்கே இரத்தம் எடுக்கிறன். முதலாவது எழுபத்தாறு. முடிவு வரும்வரைக்கும் இந்த இடத்தில இருந்து ஒரு மாடும் அசையக் கூடாது. பண்ணை மாடும் சரி, லயத்து மாடும் சரி. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ஏற்றுமதிச் சான்றிதழும் அதுக்குப் பிறகுதான்."

"மேடம், கப்பல் திகதி குறிச்சாச்சு..." என்றார் கணேசமூர்த்தி.

"நீங்கள்தானே சட்டத்தைக் கேட்டனியள்?"

லொறி வெறும் பெட்டியோடு திரும்பியது. வளைவில் லொறிக்காரர் ஒரு தடவை ஹோர்ன் அடித்தார்.

யாரும் கைதட்டவில்லை. இரத்தம் என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. மதியத்துக்குள் கிஷாந்தை வேலையிலிருந்து நிறுத்திய கடிதம் வந்தது. ஜீவராணிக்கும் வந்தது. அம்மாக்கண்ணுவுக்கு விளக்கம் கேட்டு ஒன்று. சின்னராசா மூன்று கடிதத்தையும் வாசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"மூணு பேருக்கு வேல இல்லன்னா, பால் லொறிக்கும் ஆள் இல்ல" என்றார். "கறவை மட்டும் நடக்கும். போய் மேனேஜர்ட்ட சொல்லிட்டு வாறேன். எவனாச்சும் கூட வாறீங்களா?"

கூட்டம் மொத்தமும் எழும்பியது. "எல்லாரும் வந்தா பள்ளத்த யாரு பாக்குறது?" என்று திட்டி ஆறு பேரை உட்காரவைத்தார்.

கிஷாந்த் அந்த ஆறு பேரில் ஒருவன். கடையில் வாங்கிய எண்பது பக்கக் கொப்பியைச் சாக்கின்மேல் வைத்து விரித்தான். பேனாவைத் திறந்தான். செவலை குடிலிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. அதன் விலா ஒரு தடவை அசைந்தது, அவன் பார்த்தான்.

"என்னா தம்பி எழுதுற?" அம்மாக்கண்ணு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ரெஜிஸ்டரு. நம்மளுது."

"வாசி பாப்போம்."

வாசித்தான். "முதல் நாள். லயத்து மாடு இருபத்தொன்று. நோய் உள்ளது ஆறு, தனியாகக் கட்டப்பட்டுள்ளன. தட்டு வேறு, தண்ணீர் வேறு. ஒரு மாடும் நகரவில்லை."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பக்கமிருந்து பலர் ஒன்றாகப் பேசுகிற சத்தம் மேலேறி வந்தது.

"நாங்களும் நகரலன்னு எழுது" என்றாள்.

எழுதினான். கொப்பியை அவள் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தான். அம்மாக்கண்ணு தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி, அடுத்த ஆளுக்கு நீட்டினாள்.